வரப்பு நகர்ந்த தூரம்

சாலி ஜூக்கர்மன் என்ற பெயரை முதலில் ஒரு போர் வரலாற்றில்தான் படித்தேன். இரண்டாம் உலகப் போரின்போது, குண்டு வெடித்தால் மனித உடலுக்கு என்ன ஆகிறது என்று ஆராய்ந்த உடற்கூற்று விஞ்ஞானி. 1944-இல் நேச நாட்டுப் படைகள் பிரான்சில் இறங்குமுன், எந்தெந்த ரயில் சந்திப்புகளைத் தகர்த்தால் ஜெர்மன் படை நகர முடியாமல் போகும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர். பல வருடம் கழித்து, எழும்பூர் அருங்காட்சியகத்தின் பழைய வெளியீடுகளைத் தேடிக்கொண்டிருந்தபோது அதே பெயர் மறுபடி கண்ணில் பட்டது. 1930-ஆம் ஆண்டு வெளியீடு. தலைப்பு, ஆதிச்சநல்லூர் மண்டையோடுகள். எழுதியவர் எஸ். ஜூக்கர்மன். வேறு யாராவது இருக்கும் என்று நினைத்தேன். அவரேதான். தாமிரபரணிக் கரையில் தாழிக்குள் கிடந்த தலைகளை அளந்த கைதான் பதினான்கு வருடம் கழித்து ஐரோப்பாவின் தண்டவாளங்கள்மேல் விழ வேண்டிய குண்டுகளையும் அளந்திருக்கிறது.

அன்றிலிருந்து இந்தப் பயணம் மனசில் கிடந்தது. ஆதிச்சநல்லூரைப் பார்த்தவர்கள் பலர் எழுதிவிட்டார்கள். ஸ்ரீவைகுண்டத்தைப் பற்றி நவதிருப்பதிக்குப் போகிறவர்கள் எழுதுகிறார்கள். எனக்கு வேண்டியது வேறு. ஒரு சர்வாதிகாரி அக்கம்பக்கத்து நாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கி, கண்டம் முழுவதையும் போருக்குள் தள்ளிய கதையை நான் முப்பது வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கதையின் நூல் இந்த ஆற்றங்கரையில் எங்கெங்கே தட்டுப்படுகிறது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் முதலில் ஊசிக் கோபுரத்துக்குப் போனேன். 1826-இல் இரேனியஸ் எழுப்பிய ஆலயம். ஊருக்குள் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அந்தக் கூர்மை கண்ணில் படும். கார்ல் தியோபிலஸ் எவால்ட் இரேனியஸ் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து, 1838-இல் இங்கேயே இறந்து, இந்த மண்ணிலேயே அடங்கியவர். தமிழ் இலக்கணம் எழுதினார், வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தினார். 1832-இல் 'பூமி சாஸ்திரம்' என்ற புவியியல் நூலைத் தமிழில் கொண்டுவந்தார். உலகம் எப்படி இருக்கிறது, அதில் என்னென்ன தேசங்கள் என்று தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல உட்கார்ந்த ஆரம்பக் கைகளில் அவர் கை ஒன்று.

தேசங்களின் எல்லையைப் பற்றி எழுதியவரின் சொந்த ஊர்க் கதையைக் கேளுங்கள். கிராவுடென்ஸ் என்ற கோட்டை ஊரில் 1790-இல் பிறந்தார். அவர் பிறப்பதற்கு 18 வருடம் முன்புதான், 1772-இல், போலந்தைப் பங்கு போட்டபோது பிரஷ்யா அந்த ஊரைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும், 1920-இல், ஊர் போலந்துக்குத் திரும்பியது. பெயரும் குருஜோன்ஸ் என்று மாறியது. போலந்துக்குக் கடலைத் தொட ஒரு வழி வேண்டுமென்று ஒதுக்கிய நிலப்பட்டைக்குள் அது இருந்தது. 1939 செப்டம்பர் முதல் வாரத்தில் ஹிட்லரின் படை முதல் அடியிலேயே பிடித்த ஊர்களில் அதுவும் ஒன்று. 1945-இல் ரஷ்யப் படை முற்றுகையிட்டு மீட்டபோது ஊரின் பெரும்பகுதி இடிபாடு. நூற்றெழுபது வருடத்தில் எத்தனை முறை வேலி மாறியது பாருங்கள். ஆலயத்தின் வேப்பமர நிழலில் உட்கார்ந்து இதை நினைத்தபோது, இரேனியஸ் எந்த நாட்டுக்காரர் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கே தடுமாறியது. பாளையங்கோட்டைக்காரர் என்று சொல்வதுதான் சரி.

மறுநாள் காலை திருச்செந்தூர் பஸ். கருங்குளம் தாண்டி ஆதிச்சநல்லூரில் இறங்கினேன். சாலையோரமாகவே செம்மண்ணும் சரளையும் கலந்த அந்த மேடு, பறம்பு. 114 ஏக்கர். பயிர் ஏறாத நிலத்தைச் செத்தவர்களுக்கு விட்டுவிட்டு, ஆற்றை ஒட்டிய வளமான நிலத்தை உயிரோடு இருப்பவர்களுக்கு வைத்துக்கொண்ட புத்தி, இந்தப் பள்ளத்தாக்கில் இரும்புக் காலத்திலேயே இருந்திருக்கிறது.

2023 ஆகஸ்டில் திறந்த கண்ணாடித் தளத்தின்மேல் நின்று குனிந்து பார்த்தேன். காலுக்குக் கீழே தாழிகள். ஒன்று முழுசாக, ஒன்று வாய் உடைந்து, ஒன்று சாய்ந்து. ஒரு தாழியின் கழுத்தைச் சுற்றி வரிசையாகப் பள்ளம். ஈரக் களிமண்ணில் குயவர் கட்டைவிரலை அழுத்தி அழுத்திக் கொண்டுபோன அலங்காரம். ஒரு பள்ளம் மற்றதைவிடக் கொஞ்சம் ஆழம். அந்த இடத்தில் விரல் ஒரு கணம் தயங்கி நின்றிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை, பின்னால் வந்த பள்ளிப் பிள்ளைகள் 'தள்ளிக்கோங்க சார்' என்றார்கள்.

1876-இல் இந்தப் பறம்பை முதன்முதலாகத் தோண்டியவர் ஃபெடோர் யாகோர், பெர்லின்காரர். திருநெல்வேலி கலெக்டர் உடன் வர, ஐம்பதுக்கும் மேற்பட்ட வகை மண்பாண்டங்கள், இரும்பு ஆயுதங்கள், கருவிகள், எலும்புகள், மண்டையோடுகள் என்று எடுத்துக்கொண்டு பெர்லின் போனார். அதற்கப்புறம் 1899-இலிருந்து அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அவர் கண்டெடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பாத்திரங்களும் எழும்பூருக்குப் போயின. ஜூக்கர்மன் அளந்த மண்டையோடுகளும் அந்த வழியில் வந்தவைதான். தலை நீளம், அகலம், மூக்கெலும்பு எல்லாம் அளந்து இது இந்த இனம், அது அந்த இனம் என்று வகை பிரிப்பது அன்றைய விஞ்ஞானத்தின் பழக்கம். அந்த வகைகளை இன்றைய விஞ்ஞானம் கைவிட்டுவிட்டது.

இந்த இடத்தில் இன்னொரு பெர்லின்காரரைச் சொல்லாமல் போக முடியாது. ருடால்ஃப் விர்ச்சோ. யாகோர் இருந்த காலத்து பெர்லின் மானிடவியல் வட்டத்தின் தலைமைக் குரல் அவர். ஜெர்மனியின் சுமார் 67 லட்சம் பள்ளிப் பிள்ளைகளின் கண் நிறம், முடி நிறம், தோல் நிறம் எல்லாம் கணக்கெடுக்கச் செய்தார். 1886-இல் முடிவை வெளியிட்டார். தூய ஜெர்மானிய இனம் என்று ஒன்று கணக்கில் வரவே இல்லை, எல்லா இடத்திலும் கலப்புதான். ஐம்பது வருடம் கழித்து அதே பெர்லினில் உட்கார்ந்துகொண்டு, ஒரே ரத்தம் ஓடுகிற மண்ணெல்லாம் எங்கள் மண், அந்த ரத்தத்துக்கு வாழ இடம் பற்றவில்லை, கிழக்கே இருப்பவர்களை அப்புறப்படுத்திவிட்டு எடுத்துக்கொள்வோம் என்று ஒரு அரசாங்கம் சொன்னது. தெரியாமல் சொல்லவில்லை. அளந்து பார்த்த கணக்கு அவர்கள் ஊரிலேயே இருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் சொன்னார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதில்தான்.

யாகோரின் ஆதிச்சநல்லூர்ப் பொருட்கள் சேர்ந்த பெர்லின் இனவியல் அருங்காட்சியகம் அந்தப் போரில் குண்டு வாங்கியது. மத்திய ஆசியாவின் பெசெக்லிக் குகைகளிலிருந்து அறுத்துக் கொண்டுபோன பெரிய புத்த ஓவியங்களை அங்கே சுவரோடு சுவராகப் பதித்திருந்தார்கள். கழற்ற வழியில்லை. சுவரோடு போயின. பெட்டியில் போட முடிந்தவற்றைச் சுரங்கங்களுக்கும் வெளியூர்களுக்கும் அனுப்பினார்கள். ஒரு பகுதி ரஷ்யப் படையோடு போய், ஜெர்மனி ஒன்றான பிறகுதான் திரும்பியது. சுமார் இரண்டாயிரத்தைந்நூறு வருடம் இந்தச் சரளை மண் பத்திரமாக வைத்திருந்ததை, நாகரிகத்தின் தலைநகரம் என்று பெயர் வாங்கிய ஊரால் எழுபது வருடம் நிம்மதியாக வைத்திருக்க முடியவில்லை.

மறுபடி பஸ் ஏறி, புதுக்குடியில் இறங்கி ஆற்றைத் தாண்டி நடந்தேன். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டம். இதைத் தாண்டினால் ஆறு கடலுக்குத்தான். இங்கே பிரிகிற வடகாலும் தென்காலும் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு போகின்றன. தண்ணீர் அணையின்மேல் மெல்லிய கண்ணாடிபோல் வழிந்துகொண்டிருந்தது. நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் இதே ஆறு கரை உடைத்துப் புரண்டு, திருச்செந்தூர் ரயிலில் வந்த நூற்றுக்கணக்கானவர்களை அக்கரை ஸ்டேஷனில் நாள்கணக்கில் நிறுத்திவைத்தது. அன்றைக்கு அப்படி வந்த ஆறு இதுதான் என்று நம்புவது கஷ்டமாக இருந்தது.

வடகால் மதகுப் பக்கம் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தொடும் வயது. தோளில் துண்டு, பக்கத்தில் தேய்ந்துபோன மண்வெட்டி. கீழே வாழை போட்டிருக்கிறாராம். 'எங்கிருந்து வாரிய தம்பி?' என்று தொடங்கிய பேச்சு, ஆதிச்சநல்லூரில் என்ன பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று போய், ஜெர்மனிக்காரன் சண்டையில் வந்து நின்றது. அந்தச் சண்டை எதனால் வந்தது என்று கேட்டார்.

எங்கே தொடங்குவது என்று யோசித்தேன். வயல்காரரிடம் வயலில்தான் தொடங்க வேண்டும். 'வரப்பு வெட்டுனதுல வந்துச்சு ஐயா' என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தனக்குத் தெரிந்த ஒருவன் பெயரைச் சொன்னதுபோல் முகம் மாறியது.

'அத நான் சொல்லுதேன் கேளுங்க. எங்க பெரியப்பா மவன். மொத வருசம், புல்லு செதுக்குத மாதிரி வரப்புல ஒரு செதுக்கு. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். ஒரு சாண் மண்ணுக்கா சண்டை போடுறது? ரெண்டாம் வருசம் இன்னொரு சாண். கேட்டதுக்கு, எங்க தாத்தா காலத்துல வரப்பு அங்கனதான் இருந்துச்சுங்கான். அதுலயும் கொஞ்சம் உண்மை இருந்துச்சு, அதான் நான் வாயடைச்சுப் போயிட்டேன். நாலாம் வருசம் மடை அவன் பக்கம் போயிட்டு. பொறவு தண்ணி அவன் விட்டாத்தான் எனக்கு.'

முப்பது வருடமாக நான் படித்ததை அவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். அவர் சொன்ன வரிசையிலேயே நான் ஐரோப்பாவைச் சொல்லிக்கொண்டு போனேன்.

முதல் செதுக்கு 1936 மார்ச் 7. படை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டிருந்த ரைன்லாந்துக்குள் ஹிட்லர் படையை அனுப்பினார். அது ஜெர்மனியின் சொந்த நிலம்தான், அதனால் யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. பிரான்ஸ் எதிர்த்து இறங்கினால் பின்வாங்கிவிட வேண்டும் என்ற உத்தரவோடுதான் அந்தச் சிப்பாய்கள் பாலம் தாண்டினார்கள். யாரும் இறங்கவில்லை. இரண்டு வருடம் கழித்து 1938 மார்ச் 12, ஆஸ்திரியா. அங்கேயும் ஜெர்மன் பேசுகிறவர்கள்தானே, கூட்டம் பூப்போட்டு வரவேற்கிறதே என்று உலகம் சமாதானம் சொல்லிக்கொண்டது. ஆயுதம் செய்து செய்தே ஜெர்மனியின் கஜானா காலியாகிக்கொண்டிருந்த நேரம் அது. ஆஸ்திரிய மைய வங்கியின் தங்கம் நேரே பெர்லின் போனது. பூவை எல்லோரும் பார்த்தார்கள், தங்கத்தைக் கவனித்தவர்கள் குறைவு.

மூன்றாவது வெட்டுத்தான் மடையைப் பிடித்த வெட்டு. செக்கோஸ்லோவாகியாவின் எல்லை மலைகளில் முப்பது லட்சம் ஜெர்மன் பேசுகிறவர்கள் இருந்தார்கள். சுடேட்டன்லாந்து என்று பெயர். அவர்கள் கொடுமைப்படுகிறார்கள், எனக்கு அந்த இடம் வேண்டும், இதுதான் கடைசி என்றார் ஹிட்லர். 1938 செப்டம்பர் 29 அன்று மூனிக் நகரத்தில் ஹிட்லர், முசோலினி, பிரிட்டனின் சேம்பர்லின், பிரான்சின் தலாதியே நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். விடியுமுன் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். 'நெலத்துக்காரன் எங்கன இருந்தான்?'

'அவங்களைக் கூட்டத்துக்குள்ள விடலை. அதே ஊர்ல ஓட்டல் அறையில காத்திருந்தாங்க. எல்லாம் முடிஞ்ச பொறவு கூப்பிட்டு, இதான் முடிவுன்னு காகிதத்தைக் கையில கொடுத்தாங்க.'

அவர் ஒன்றும் பேசவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மதகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, 'எங்க கதையிலயும் பஞ்சாயத்துக்காரங்க அவன் வீட்டுலதான் காப்பி குடிச்சாங்க' என்றார்.

அந்த மலைகளில்தான் செக் நாடு தன் கோட்டை வரிசையின் பெரும்பகுதியைக் கட்டியிருந்தது. மலை போனதும் கோட்டையும் போயிற்று. ஆறு மாதம் கழித்து, 1939 மார்ச் 15 அன்று, ஜெர்மன் படை பனியில் நடந்து பிராகுக்குள் நுழைந்தபோது தடுக்க ஒரு சுவர்கூட மிச்சமில்லை. பில்சன் நகரத்து ஸ்கோடா ஆயுதத் தொழிற்சாலை கைமாறியது. செக் தொழிலாளிகள் செய்த டாங்கிகள் போலந்துக்கும் பிரான்சுக்கும் எதிராக ஓடின. பிராகில் இருந்தவர்கள் ஜெர்மானியர் இல்லை. ரத்தம், மொழி என்று சொன்னதெல்லாம் சாக்கு என்று அன்றைக்குத்தான் லண்டனுக்கு உறைத்தது. அடுத்தது போலந்து என்று தெரிந்து, அதைத் தொட்டால் சும்மா இருக்க மாட்டோம் என்று மார்ச் கடைசியில் பிரிட்டன் வாக்குக் கொடுத்தது. இத்தனை வெட்டுக்கும் சும்மா இருந்தவன் இதற்கு மட்டும் வருவான் என்று ஹிட்லர் நம்பவில்லை. ஆகஸ்ட் 23-இல் ஸ்டாலினோடு ஒப்பந்தம் போட்டு, போலந்தை இரண்டு பேருமாகப் பங்கு வைக்க ரகசியமாகப் பேசிக்கொண்டார். செப்டம்பர் 1 விடிகாலை படை புகுந்தது. 3-ஆம் தேதி பிரிட்டனும் பிரான்சும் போர் அறிவித்தன.

அதே 3-ஆம் தேதி, இந்தியாவும் போரில் இருக்கிறது என்று வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். இங்கே யாரையும் கேட்கவில்லை. நேரு 1938-லேயே செக் நாட்டுக்குப் போய்ப் பார்த்து, மூனிக் ஒரு துரோகம் என்று வெளிப்படையாக எழுதியவர். நாஜிகளின் அழைப்பை மறுத்தவர். ஹிட்லரை எதிர்ப்பதில் காங்கிரசுக்குத் தயக்கம் இல்லை. போலந்தின் சுதந்திரத்துக்காகப் போர் என்றால் எங்கள் சுதந்திரம் எங்கே என்றுதான் கேட்டார்கள். பதில் வரவில்லை. அக்டோபர் கடைசியில் ராஜாஜியின் சென்னை மந்திரிசபை விலகியது. ஓட்டல் அறையில் காத்திருந்த செக் தூதர்களின் இடத்தில்தான் அன்று நாற்பது கோடிப் பேர் இருந்தோம் என்று எனக்குத் தோன்றும்.

பெரியவர் பிறந்தது ஐரோப்பாவில் போர் முடியும் நேரத்தில். அவர் அம்மா சொல்லிக் கேட்டது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த வருடங்களுக்கு அவர்கள் வீட்டில் பெயர் 'கண்ட்ரோல் காலம்'. 1942 மார்ச்சில் ஜப்பான் ரங்கூனைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. கார், பிசானம் என்று இரண்டு போகமும் விளைகிற இந்த ஊரிலேயே நெல்லை அதிகாரிகள் அளந்து எடுத்துக்கொண்டு போக, வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் சோளமும்தான் வெந்ததாம். 'சீமெண்ணெய் கிடையாது. பொழுது சாயுமுன்ன சாப்பிட்டு எல்லாரும் படுத்துருவமுன்னு சொல்லுவா. பர்மாவுல இருந்து எங்க சின்னத் தாத்தா நடந்தே வந்தாரு. வந்தவரு அந்த நடையப் பத்தி ஒரு வார்த்தை பேசல, சாவுத வரைக்கும்.' இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

இங்கிருந்து கிழக்கே கடற்கரையில் குலசேகரப்பட்டினம். அங்கே 1942 செப்டம்பர் 20 அன்று உப்பளத்தில் விடுதலைப் போராட்டக்காரர்கள் நடத்திய தாக்குதலில் லோன் என்ற ஆங்கிலேய அதிகாரி இறந்தார். காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதித்தார்கள். பின்பு அது குறைந்து, உயிர் தப்பி வெளியே வந்தார்கள். ரைன் நதிப் பாலத்தில் ஒரு பட்டாளம் நடந்தபோது கேட்காமல் விட்டதில் தொடங்கி, இந்த உப்பளம் வரை ஒரே கோடாக இழுத்துவிட முடியாது. நடுவில் நம் சொந்த நியாயங்கள் எத்தனையோ. ஆனாலும் அந்தப் போர் இல்லாமல் அந்த இரவு அப்படி நடந்திருக்காது.

ஜூக்கர்மன் கதையையும் பெரியவரிடம் சொன்னேன். போர் முடிந்ததும் அவர் கொலோன் நகரத்தின் இடிபாடுகளைப் போய்ப் பார்த்தார். பார்த்ததை ஒரு பத்திரிகைக்கு எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டார். கடைசி வரை எழுத முடியவில்லை. எலும்பை அளந்து எழுதியவர், குண்டை அளந்து எழுதியவர், அதை எழுத முடியாமல் விட்டுவிட்டார். 'பாவம்' என்றார் பெரியவர். அவ்வளவுதான் சொன்னார்.

வெயில் இறங்கியிருந்தது. பெருமாள் கோவில் கோபுரத்தின் மேல்தட்டில் மட்டும் மஞ்சள் ஒட்டியிருந்தது. எனக்குச் சாயங்கால ரயில். எழுந்திருக்கும்போது கேட்டேன், அந்த வரப்பு வழக்கு என்ன ஆயிற்று என்று.

'இருவத்திரெண்டு வருசம் நடந்துச்சு. வக்கீலுக்குக் கொடுக்க நான் ஒரு மரக்கா வெதப்பாடு வித்தேன். அவன் ரெண்டு வித்தான். தீர்ப்பு வாரதுக்குள்ள அவன் செத்துட்டான். நான்தான் மாலை வாங்கிட்டுப் போனேன்.'

'இப்போ?'

'இப்ப அவன் பேரன் பயிர் வைக்கான். சித்திரையில ஒழவுக்கு முன்ன ரெண்டு பேருமாப் போவோம். சர்வே கல்லுல இருந்து சர்வே கல்லுக்குக் கயிறு புடிச்சு, வரப்ப ஒதுக்கி வச்சிட்டுத்தான் ஏரு பூட்டுறது. வருசம் தவறுறதில்ல. எனக்கு இப்ப குனிய முடியலயா, இந்தப் பக்கத்து முனைய நான் காலால மிதிச்சுக்கிடுவேன்.'

மண்வெட்டியை ஊன்றி எழுந்து, 'அந்த முனைய அவந்தான் புடிப்பான்' என்று சொல்லிவிட்டு, வடகால் கரையில் கிழக்கே பார்த்து நடந்தார்.